அடுப்புக் கணக்கு

ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் அந்த அம்மா முதலில் ஆளைப் பார்க்க மாட்டார், புகையைப் பார்ப்பார். தெருமுனையில் குடையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து நிற்பார். உதடு மட்டும் அசையும். ஒரு வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்பா நம்பரு, உன் புக்குல இந்தத் தெருவுக்கு எத்தினி?" என்பார். நான் புரட்டிப் பார்த்து இருபத்தாறு என்பேன். அவர் முப்பத்தொன்று என்பார். வீடு வீடாக ஏறி இறங்கி வந்தால் முப்பத்தொன்றுதான் இருக்கும்.

ஒரே ஒரு தடவை தோற்றார். மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில் பதினாலு என்று சொல்லி, பதிமூன்றுதான் தேறியது. பதினாலாவது புகை வண்ணார் வீட்டில் துணி அவிக்கிற வெள்ளாவி. அன்றைக்கு முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில், நான் கேட்காமலே, "புகையப் பாத்தா மட்டும் போதாது நைனா, மோந்தும் பாக்கணும்" என்றார். அதற்கப்புறம் தெருமுனையில் கண்ணோடு மூக்கும் சேர்ந்து வேலை செய்தது.

என்னை அவர் நம்பர் என்று கூப்பிட்டதற்குக் காரணம் என் வேலை. வீட்டுக் கதவு நிலையில் வெள்ளை வட்டம் போட்டு, அது காய்ந்ததும் தகட்டில் வெட்டின இலக்கத்தை வைத்துக் கறுப்பு மை தேய்ப்பேன். மூன்றாவது வகுப்போடு படிப்பு நின்றவன் நான். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே கடைப் பலகைகளைப் பார்த்துத்தான். அவருடைய வேலை அம்மைப்பால் குத்துவது. பெரியம்மை வராமல் இருக்கக் குழந்தைகளின் கையில் கீறி மருந்து வைப்பார்களே, அது. இரண்டு பேருக்கும் மயிலாப்பூரில் ஒரே ஆபீஸ். எங்கே புது வீடு முளைத்தாலும் இரண்டு பேரும் போய்த் தீர வேண்டும். அப்படித்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருஷம் போல அவருக்கு முன்னாலும் பின்னாலும் நடந்தேன்.

அக்கிரகாரத்தில் அவர் "பால் குத்தறவ". கடலோரக் குப்பத்தில் "ஊசியம்மா". சாந்தோம் மாதாகோயில் பக்கம், தலைமுறை தலைமுறையாக அவர் குடும்பம் இருந்த இடத்தில், எல்லோருக்கும் "அக்கா". குழந்தைகளுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடையின் நுனி தெரிந்தாலே பரணுக்கு ஏறிவிடும். சொந்தப் பெயரைக் கையெழுத்துப் போடும்போது பார்த்திருக்கிறேன். அதை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஜனத்தொகை எடுக்க வந்த ஆள் பேர் கேட்டபோதே, "தல ஒண்ணுன்னு போடுப்பா, பேரு இன்னாத்துக்கு?" என்றவர்.

கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, முழுக்கை ரவிக்கை, ஆண்பிள்ளைகள் போடுகிற மாதிரிக் கனமான செருப்பு. ஒரு கையில் குடை, ஒரு கையில் தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஊசி, ஸ்பிரிட் விளக்கு, வைக்கோலுக்குள் படுக்க வைத்த மருந்துக் குழாய்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நோட்டு. அந்த நோட்டு ஆபீஸ் நோட்டு அல்ல. அவருடையது.

"கதவு பொய் சொல்லும். அடுப்பு சொல்லாது." இதை அவர் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஒரே கதவுக்குள் மூன்று குடித்தனம் இருக்கும்; ஆபீஸுக்கு ஒரு வீடு என்று கணக்கு. பூட்டின கதவுக்குப் பின்னால் கொல்லைப்புறத்தில் ஒரு குடும்பமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆபீஸுக்குக் காலி வீடு. நான் கதவை எண்ணுகிறவன், அவர் அடுப்பை எண்ணுகிறவர். எங்கள் சண்டை எல்லாம் இதில்தான்.

இன்னொன்று, "சுமார்" என்கிற வார்த்தையை அவர் முன்னால் சொல்லக் கூடாது. ஒரு தடவை நான் களைப்பில், இந்தத் தெருவில் சுமார் நாற்பது என்று போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டேன். நின்றார். "சுமாரா ஒரு புள்ளைக்குக் குத்த முடியுமா நைனா?" என்றார். அவ்வளவுதான். திரும்ப முதல் வீட்டுக்கு நடந்தோம்.

மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு வீடு. மாமி வாசல்படியிலேயே நிறுத்தி, குழந்தைகள் என்று யாரும் இல்லை, தானும் அகத்துக்காரரும்தான் என்று சொன்னார். இந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, போகாமல் மூக்கை உறிஞ்சினார். உள்ளே நெய்யும் திப்பிலியும் வெல்லமுமாக ஒரு வாசனை.

"மாமி, இந்த வாசன பிரசவ லேகியம் இல்ல? ரெண்டு பேருதான் கீறீங்கன்னா, மாமாவுக்கா கிளறுறீங்க?"

மாமி முகம் சிவந்து வாயைத் திறப்பதற்குள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்த மகள். அப்புறம் மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பச்சை உடம்புடி அது, இப்போ குத்தப்படாது" என்று கெஞ்சினார். "நான் இன்னிக்குக் குத்த வரல மாமி, எண்ண வந்தேன்" என்று சொல்லிவிட்டு இந்த அம்மா நோட்டில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். குத்துவதற்கு ஐந்தாம் மாதம், நாள் தவறாமல் வந்து நின்றார்.

இன்று தி. நகர் என்று ஜனம் முட்டி மோதுகிற இடம் அப்போதுதான் ஏரியாக இருந்து தரையாகிக்கொண்டிருந்தது. ஏரியை வடித்துவிட்டுத் தெருக் கீறி, மனை பிரித்து, வருஷத்துக்கு வருஷம் வீடு எழும்பிற்று. மழை பெய்தால் தவளைகள் மட்டும் பழைய பாத்தியதையை விடாமல் கத்தும். எங்கள் ஆபீஸில் டிபன் வேளையில் இதே பேச்சு. ஊர் எதனால் இப்படி மேற்கே ஓடுகிறது? மின்சார ரயில் என்பார் ஒருவர். நல்ல காற்று என்பார் இன்னொருவர். பஸ், விசாலமான மனை, வைத்தியர் சொன்னது என்று ஆளுக்கு ஒன்று.

இந்த அம்மா வாதத்தில் சேர மாட்டார். ஆனால் அவர் ஒவ்வொரு புது வீட்டிலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார், அதைக் கேட்பதற்கு ஒரு நேரம் வைத்திருந்தார். தாய் குழந்தையை இறுகப் பிடித்திருப்பாள், ஊசி கையில் இறங்கும், குழந்தை வீறிடும். அந்தக் கணத்தில், "நீங்க இங்க இன்னாத்துக்குக் குடி வந்தீங்க?" என்பார். ஏன் அப்போது பார்த்துக் கேட்கிறீர்கள் என்று நான் ஒரு நாள் விசாரித்தேன். "புள்ள அழுவசொல்லோ யாருக்கும் பொய் வராது" என்றார்.

எங்கள் ஆபீஸின் பெரிய கிளார்க்கும் மயிலாப்பூரை விட்டுப் புது நகரில் குடியேறியவர்தான். மனிதர் தங்கமானவர், விதியில் இல்லாததைச் செய்ய மட்டும் கை வராது. அவர் வீட்டில் பேரனுக்குக் குத்தப் போனபோது அதே கேள்வி. அவர் "காத்து" என்றார். அவர் சம்சாரம் பேரனைப் பிடித்தபடி, குனிந்த தலை நிமிராமல், "ஓர்ப்படி" என்றார். இந்த அம்மா இரண்டையும் எழுதிக்கொண்டார், இரண்டு பத்தியில். நோட்டில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. ஆண்கள் பத்தியில் காற்று, ரயில், தோட்டம். பெண்கள் பத்தியில் ஓர்ப்படி, நாத்தனார், மாமியார், தனிச் சமையல்.

"ஒரு வூட்ல ரெண்டு அடுப்பு பத்திக்கினா மூணாம் வருசம் ரெண்டு வூடு. இத்த எழுதி வெச்சிக்கோ. உன் ரயிலு அப்பால வரும்" என்பார்.

அவர் கண்டுபிடித்த இன்னொரு அடுப்பும் உண்டு. மச்சு வைத்த வீடு ஒன்று எழும்பினால், அதற்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி வைத்த அடுப்புகள் முப்பது பற்றும். கட்டுகிறவர்களின் அடுப்பு. மதுராந்தகம், திருத்தணி, சித்தூர் என்று பஞ்சத்துக்குப் பயந்து வந்த ஜனம். ஆண்கள் மண் வெட்டுவார்கள், கொத்துவார்கள். பெண்கள் சித்தாளாகச் சுண்ணாம்பு சுமப்பார்கள். வடிந்த ஏரியின் சேறு காயாத மேற்கு மூலையில் ஓலையும் கோணியுமாகக் குடிசை போட்டிருந்தார்கள். அங்கே எனக்கு வேலையே கிடையாது. நம்பர் எழுதுவது கதவு நிலையில்தான் என்று விதி. அங்கே கதவும் இல்லை, நிலையும் இல்லை, தொங்குகிற கோணிதான்.

ஒரு வருஷம் மாசி பிறந்தபோதே சைதாப்பேட்டைப் பக்கம் அம்மை போட்டிருக்கிறது என்று பேச்சு வந்துவிட்டது. இந்த அம்மா பெரிய கிளார்க்கிடம் போய், ஏரி மூலைக்கு மருந்து வேண்டும் என்று நின்றார். மருந்துக் குழாய் வீட்டுக் கணக்குப்படிதான் வரும். ஒரு குழாய் அதிகம் கேட்டாலும் மேலே காரணம் காட்ட வேண்டும். பெரிய கிளார்க் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். அதில் அந்த மூலை இன்னும் நீல வர்ணமாக இருந்தது.

"மேப்புல ஏரின்னு போட்டிருக்கும்மா. ஜலம். ஜலத்துல யார் இருக்கான்னு நான் எழுதறது?"

"அந்த ஜலத்துல நூத்திப் பன்னண்டு அடுப்பு எரிஞ்சிகினு கீது சாமி."

எல்லோரும் சிரித்தோம். பெரிய கிளார்க்கும் சிரித்தார். சிரித்துவிட்டு, தனக்குத் தெரிகிறது, மருந்து அனுப்புகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்றார். நம்பர் இருந்தால் வீடு, வீடு இருந்தால் மருந்து, இதைத் தாண்டித் தன்னால் ஒன்றும் ஆகாது என்று கையை விரித்தார். எல்லோருடைய கண்ணும் மெல்ல என் பக்கம் வந்து நின்றது.

நான் முடியாது என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம். எங்கள் குடும்பத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற முதல் ஆள் நான். வீடு இல்லாததற்கு வீட்டு நம்பர் போட்டான் என்று ஒரு வரி எழுதினால் வேலை போய்விடும். இந்த அம்மா வற்புறுத்தவே இல்லை. "சர்தான். எழுத வாணாம். ஒரு நட வந்து எண்ணிட்டுப் போ" என்றார்.

போனேன். சித்தாள்களுக்கெல்லாம் தலைவி மாதிரி முனியம்மா என்று ஒருத்தி. கை நிறையச் சுண்ணாம்புப் புண். எங்களைப் பார்த்ததும், "இன்னா ஊசியம்மா, இன்னிக்கு ஆம்பளையக் கூட்டியாந்துகீற? எங்களப் புட்ச்சி அமுக்கவா?" என்றாள். சுற்றி இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது. குடிசை குடிசையாகப் போனோம். அவர் சொல்லச் சொல்ல நான் எண்ணினேன். ஒரு இடத்தில் மைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், தவழ்கிற குழந்தை ஒன்று என் தகடுகளில் ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நம்பர்த் தகடு. ஐந்தின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். அந்த அம்மா அடுத்த குடிசைக்கு நடந்தார்.

எழுதலாம், எதில் எழுதுவது? ஓலையில் மை நிற்காது, கோணி குடித்துவிடும். முனியம்மாதான் வேலை நடக்கிற இடத்திலிருந்து தட்டோடு கொண்டுவந்தாள். மொட்டை மாடிக்குப் பதிக்கிறார்களே, அந்தச் சப்பை ஓடு. "இத்துல எய்து. அடுப்பாண்ட சாச்சி வெச்சிக்கிறோம்" என்றாள். ஏரி என்பதற்கு அடையாளமாக ஒரு "ஏ" போட்டு, ஏ-1 முதல் ஏ-112 வரைக்கும் இரண்டு நாள் எழுதினேன். அடுப்புக்கு ஒரு ஓடு.

பெரிய கிளார்க்கின் புத்தகத்தில் திடீரென்று நூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறினால், அவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் விதிதான். பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கல்லுக்குக் கல் தாவி வந்தார். சாயங்காலம், வேலை விட்டு வந்து உலை வைக்கிற நேரம். அந்த அம்மா அவரை ஒரு மண்மேட்டில் நிறுத்தி, "ஓட்ட எண்ணாதீங்க சாமி, பொகைய எண்ணுங்க" என்றார். அவரும் விரல் விட்டு எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். மூன்று குறைகிறதே, நூற்றொன்பதுதான் வருகிறது என்று, கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார். எத்தனை வருஷமாக எங்கள் எல்லோரையும் ஜெயித்தவர் அந்த அம்மா இல்லையா.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. குடையை என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறு என்று குடிசைகளுக்குள் நடந்தார். அம்மை போட்ட வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அது அந்த ஜனத்தின் வழக்கம். பக்கத்துக் குடிசையிலிருந்து கஞ்சி போகும். வாசலில் வேப்பிலை செருகினால் ஆபீஸ் ஆள் கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவான் என்று பயந்து, அதைக் கோணிக்கு உள்பக்கம் செருகி வைத்திருந்தார்கள். மூன்று குடிசை. மூன்றும் அடுத்தடுத்து.

வெளியே வந்து ஸ்பிரிட்டால் கையைத் துடைத்துக்கொண்டார். பெரிய கிளார்க் மேட்டிலிருந்து இறங்கியிருந்தார். பஞ்சகச்சம் சேற்றில் புரண்டது அவருக்குத் தெரியவில்லை.

"மூணு அடுப்பு அணஞ்சிப் போச்சி சாமி. மீதி நூத்தி ஒம்போது எரியணும்னா நாளைக்கு மருந்து வேணும்."

அவர் அங்கேயே என் மைப்பெட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதினார். வீடுகள் நூற்றுப் பன்னிரண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஜலம்னு வர்ணம் அடிச்சவன் வந்து பாத்துக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விதியில் இல்லாத ஒரு வாக்கியத்தை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்.

மறுநாள் மருந்து வந்தது. நான்கு நாள் குத்தினார். முனியம்மா முதலில் தன் கையை நீட்டினாள். அதற்குப் பிறகு யாரும் ஓடவில்லை. நான் குழந்தைகளைப் பிடித்தேன், கடி வாங்கினேன். அம்மை அந்த மூன்று குடிசையைத் தாண்டவில்லை. அந்த மூன்றுக்குள் ஏ-61-ல் ஒரு சின்னப் பெண் போய்விட்டாள். நோட்டில் அந்த வீட்டுக்கு எதிரே நாலு என்றிருந்ததை அடித்து மூன்று என்று எழுதினார். எண்ணிக்கையை எப்போதும் உரக்கச் சொல்கிறவர் அன்றைக்குச் சொல்லவில்லை.

இதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வீடுகள் கட்டி முடிந்தன, குடிசைகளைப் பிரித்தார்கள், ஜனம் அடுத்த வேலைக்குப் போயிற்று. போகும்போது ஓட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஏ-12 கோடம்பாக்கம் ரோட்டில், ஏ-40 மந்தைவெளிக்குத் தெற்கே ஆற்றோரம், ஏ-77 எங்கே என்றே தெரியாது. பெரிய கிளார்க் என்னைக் கூப்பிட்டு, "ஓய், நீர் எழுதினது வீட்டு நம்பரா, ஜட்கா வண்டி நம்பரா?" என்றார். நான் முனியம்மாவைத் தேடிப் பிடித்து, நம்பர் என்பது இடத்துக்கு, ஆளுக்கு இல்லை என்று விளக்கப் பார்த்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாண்ணா சொல்ற? நீங்க குடிசைக்கா குத்தினீங்க, எங்களுக்குத்தானே குத்தினீங்க? அப்ப நம்பரு எங்க கூடத்தானே வரும்?"

இதை வந்து சொன்னபோது அந்த அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, எந்த ஓடு எங்கே போயிற்று என்று எழுத ஆரம்பித்தார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் எழுதினார். ஓடு நின்ற இடமெல்லாம் பின்னாலேயே தெருவாயிற்று. முதலில் கதவில்லாத அடுப்பு, அப்புறம் சுவர், அப்புறம் நிலை, அப்புறம் என் வெள்ளை வட்டம். ஊரின் ஓரம் எங்கே என்று ரயிலையும் மனைப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு ஆபீஸ் தலையை உடைத்துக்கொண்டிருந்தது. அது முனியம்மா இடுப்பில் சுமந்துபோன ஓட்டில் இருந்தது.

ஓடு போன இடத்தில் தெரு வரும் என்பது எப்படியோ வெளியே கசிந்தது. மனைத் தரகர் ஒருவர், ஜவ்வாது வாசனையும் சிரித்த முகமுமாக, எங்கள் ஆபீஸ் வாசலில் காத்திருக்க ஆரம்பித்தார். அம்மாவின் பெட்டியைத் தான் சுமக்கிறேன் என்பார், ஏ-40 சௌக்கியமா என்பார். நாங்கள் சிரித்துக்கொண்டு இரண்டு இடம் சொல்லியும் விட்டோம், நான்தான் சொன்னேன். ஒரு மாதம் ஆகவில்லை. அந்த இரண்டு இடத்திலும் மனை போட முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். குடிசைகளைப் பிரித்து எறிந்திருந்தார்கள். அந்த ஜனம் அங்கே வேலையை முடிக்கக்கூட இல்லை.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கயிற்றுக்கு வெளியே, சாம்பல் கிடந்த மூன்று கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நாம ஓரம் எதுன்னு எண்ணப் போறோம். எண்ணிட்டு வந்தா, அந்த எண்ணிக்கையே ஊர இஸ்துகினு வந்துடுது" என்றார். அதற்குப் பிறகு பல வாரம் பெட்டியின் அடியிலிருந்து நோட்டு வெளியே வரவில்லை. தெருமுனையில் நிற்பார், அண்ணாந்து பார்ப்பார், உதடு அசையும், எழுத மாட்டார்.

அந்தக் கோடையில்தான் தண்ணீர்க் குழாய் நீட்டுவதற்கு ஒரு புது என்ஜினீயர் வந்தார். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவர். பத்து வருஷத்தில் ஊர் எந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் குழாய் போட வேண்டும் என்பது அவர் கவலை. பெரிய கிளார்க் அவரிடம், படமெல்லாம் சுருட்டி வையுங்கள், எங்கள் ஆபீஸில் ஒரு நோட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். என்ஜினீயர் அந்த அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

அப்போது ஓடுகளில் அநேகம் மந்தைவெளிக்குத் தெற்கே ஆற்றோரம் ஒரு தோப்பில் சேர்ந்திருந்தன. ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதி வேறு எட்டிப் பார்த்திருந்தது. இடத்தைச் சொன்னால் வாரத்துக்குள் தரகர் காதுக்குப் போகும், கயிறு கட்டுவார்கள். சொல்லாவிட்டால் குழாய் வேறு பக்கம் திரும்பும், அவர்கள் ஆற்றைத்தான் குடிக்க வேண்டும். நான் கதவோரம் நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்ல மாட்டார், அது எனக்குத் தெரியும். தப்பான எண்ணிக்கை அவர் வாயில் வராது.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. "எத்தினி கொயா வெப்பீங்க?" என்று கேட்டார். எந்த இடத்தில் என்றார் என்ஜினீயர். "எடம் அப்பால. எத்தினி?" என்ஜினீயர் சிரித்துவிட்டு, பொதுக்குழாய் ஒன்று வைக்கலாம் என்றார்.

"ஒரு கொயாவுக்கு நாப்பது அடுப்புதான் தாங்கும். அங்க தொண்ணூத்தாறு கீது. மூணுன்னு எய்துங்க. மை காயட்டும். அப்பால காட்டறேன்."

என்ஜினீயர் பெரிய கிளார்க்கைப் பார்த்தார். பெரிய கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ஜினீயர் மூன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த அம்மா குனிந்து, மை காய்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் படத்தின் மேல் விரலை வைத்தார்.

வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "எடத்த சொல்லிட்டீங்களேம்மா, அந்த ஆளு வந்துட மாட்டானா?" என்றேன்.

"வருவான். வந்துகினுதான் இருப்பான். ஓட்டத் தூக்கினு போன்னு சொல்லலாம், போயிடுவாங்க. கொயாயத் தூக்கினு போன்னு யாரு சொல்றது? சர்க்கார் தண்ணி வந்த எடத்துல ஜனத்தக் கெளப்பறது அவ்ளோ சுலுவு இல்ல நைனா" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "கெளப்பவும் கெளப்புவான். பாக்கலாம்" என்றார்.

தரகர் வந்தார். தோப்பின் மேற்குப் பாதியில் கயிறும் கட்டினார். ஆனால் குழாய் அதற்குள் மண்ணில் இறங்கிவிட்டது, கிழக்குப் பாதியில் மூன்று குழாயைச் சுற்றி முனியம்மாவின் ஆட்கள் நகராமல் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் அங்கே ஒரு தெருவே வந்தது. நிலைக்கதவு வைத்த தெரு.

முதல் தண்ணீர் வந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முனியம்மா குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள். பெரிய கிளார்க்கும் ஜட்காவில் வந்து இறங்கினார். தண்ணீர் முதலில் துருப்பிடித்துச் சிவப்பாக வந்தது, பிறகு தெளிந்தது. முதல் கை தண்ணீரை ஊசியம்மாதான் குடிக்க வேண்டும் என்று பெண்கள் எல்லோரும் வழி விட்டு நின்றார்கள். அவர் குழாய்ப் பக்கம் பார்க்கவில்லை. வரிசையில் இருந்த பானைகளின் மேல் அவர் கண் ஒன்றொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது.

"எம்பத்தெட்டு," என்றார், உரக்க. "தொண்ணூத்தாறுல எட்டு பானை வரல."

"ஒரு வாய் குட்ச்சிட்டுப் போம்மா" என்றாள் முனியம்மா.

"வந்து குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஆற்றுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.